கோப்பை எழுதியவர் யார்? போர்க்காலப் படைப் பதிவுகளில் குடும்பத்தைத் தேடும்போது

"கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் இருந்தாராம்." போரைப் பற்றிப் பல குடும்பங்களில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, எங்கே போனார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். முன்பெல்லாம் இதைச் சரிபார்க்க ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போகவேண்டும்; இல்லையென்றால் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று அப்படியில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகம், முதல் உலகப் போருக்காகத் திரட்டப்பட்ட படையினரின் சுமார் 3,76,000 கோப்புகளைப் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. கனடா, அதே போரில் தன் படையில் இருந்தவர்களின் 6,20,000-க்கும் மேற்பட்ட கோப்புகளை ஏற்றும் வேலையை 2018-ல் முடித்தது. பெயரைத் தட்டினால் நூறாண்டுக்கு முந்தைய கையெழுத்து திரையில் வந்து நிற்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். சுருக்கக் குறியீடுகளும் முத்திரைகளும் அடித்துத் திருத்திய தேதிகளுமாக இருக்கும். வாழ்க்கைக் கதையைத் தேடி வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். கோப்பு நமக்காக எழுதப்பட்டதல்ல என்பதே காரணம். இவருக்குச் சம்பளம் எவ்வளவு, இவர் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார், ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போகவேண்டும் என்று படை தனக்காக எழுதிவைத்த கணக்கு அது. ஒவ்வொரு தாளையும் கையில் எடுக்கும்போது, இதை எழுதவேண்டிய தேவை யாருக்கு வந்தது என்று கேட்டுக்கொண்டு படித்தால், அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

சேரும் நாளில் நிரப்பிய படிவம்

கோப்பின் தொடக்கத்தில் இருப்பது, படையில் சேரும்போது உறுதிமொழி எடுத்துக் கையொப்பமிட்ட படிவம். பெயர், பிறந்த ஊர், வயது, தொழில், திருமணமானவரா, நெருங்கிய உறவினர் யார், முன்பு படையில் இருந்தாரா என்று வரிசையாகக் கேள்விகள். அடுத்த பக்கத்தில் உடற்குறிப்பு: உயரம், எடை, மார்பளவு, தோல் நிறம், கண் நிறம், முடி நிறம், மதம், அடையாளத் தழும்புகள், பச்சை குத்தியிருந்தால் அது என்ன, எந்தக் கையில். புகைப்படமே இல்லாத ஒருவரின் தோற்றத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறெதுவும் கிடைப்பது அரிது. படை இதைக் குறித்துக்கொண்டது, ஓடிப்போனால் அடையாளம் சொல்லிப் பிடிக்கவும், பின்னாளில் ஊனத்துக்கு ஓய்வூதியம் கேட்டால் முன்பு எப்படி இருந்தார் என்று ஒப்பிடவும். அளந்தவர் மருத்துவர்; பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. எனவே இந்தப் பக்கத்தை நம்பலாம்.

வயதை மட்டும் அப்படி நம்ப முடியாது. அதைச் சொன்னவர் சேர வந்தவர். பிரிட்டிஷ் படையில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் போர்முனைக்கு அனுப்ப 19. பதினாறு வயதுப் பையன்கள் பத்தொன்பது என்றார்கள். வயதானவர்கள் சில வருடங்களைக் குறைத்துக்கொண்டார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே கோப்பில் உள்ள வயதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, அது குடும்பத்தில் சொல்வதோடு ஒத்துவரவில்லை என்பதற்காக 'இவர் நம்மவர் இல்லை' என்று தள்ளிவிடுவது அவசர முடிவு.

சேர்ந்த தேதிக்கும் இதேபோல ஒரு பின்னணி உண்டு. 1914 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் படை 5 அடி 6 அங்குல உயரம் கேட்டது. வயது 18 முதல் 35. 1915 ஜூனில் உயரம் 5 அடி 2 அங்குலமாகவும், வயது உச்சவரம்பு 45 ஆகவும் தளர்ந்தது. 1917-ல் 5 அடி போதும் என்றாயிற்று. 5 அடி 3 அங்குலக்காரர் ஒருவர் 1915-ன் நடுவில் சேர்ந்திருந்தால், 'ஒரு வருடம் தயங்கினார்' என்று எழுதிவிடுவதற்கு முன்பு இந்த அளவுகோலைப் பார்க்கவேண்டும். அதே படிவத்தில், இதற்கு முன்பு தகுதியற்றவர் என்று எப்போதாவது திருப்பி அனுப்பப்பட்டீர்களா என்ற கேள்வியும் இருக்கிறது. பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தைக் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் நிதானமாகப் பார்க்கவேண்டும். மணமானவர் மனைவி பெயரைத் தராமல் தாயின் பெயரைத் தந்திருக்கலாம். ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு மையில் இன்னொன்று எழுதியிருக்கலாம். முகவரி இரண்டு மூன்று முறை மாறியிருந்தால், குடும்பம் எப்போது எங்கே வீடு மாறியது என்ற தகவல், வேறு எந்தப் பதிவிலும் இல்லாதது, இங்கே கிடைத்துவிடும். சிலர் சொந்தப் பெயரிலேயே சேரவில்லை. வீட்டைவிட்டு ஓடி வந்தவர், முன்பு வேறொரு படையிலிருந்து நழுவியவர், வயது குறைந்தவர் என்று மாற்றுப் பெயருக்குப் பல காரணங்கள். போர் முடியும் தறுவாயில் உண்மைப் பெயரைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக்கொடுத்த தாள் கோப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஓய்வூதியமும், திரும்பி வந்த வீரர்களுக்குத் தந்த நிலமும் பொய்ப்பெயருக்குக் கிடைக்காதே!

ஒரே வரியில் இரண்டு தேதிகள்

கோப்பின் நடுப்பகுதி, பி.103 என்ற எண்ணிட்ட படிவம். பிரிட்டிஷ் படையும் அதன் வழிவந்த ஆஸ்திரேலிய, கனடியப் படைகளும் பயன்படுத்தியது. ஒருவர் போர்க்களத்தில் இருந்த காலம் முழுக்க அவருக்கு நேர்ந்த ஒவ்வொரு மாற்றமும் இதில் ஒரு வரி: கப்பலேறினார், பட்டாலியனில் சேர்ந்தார், மருத்துவமனைக்குப் போனார், திரும்பினார், பதவி உயர்ந்தார், தண்டனை பெற்றார். முதலில் பார்ப்பவர்கள் தடுமாறுவது தேதியில். இடதுபக்கம் இருப்பது தகவல் எழுத்தரின் மேசைக்கு வந்த நாள். சம்பவம் நடந்த நாள் வலப்பக்கத்தில் வேறொரு கட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஓடியிருக்கும். இடப்பக்கத் தேதியை எடுத்துக்கொண்டு, படைப்பிரிவு அன்றாடம் எழுதிவந்த போர் நாட்குறிப்பில் தேடினால், தாத்தா இல்லாத சண்டையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம்.

சுருக்கக் குறியீடுகளுக்குப் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் பட்டியல் சொல்லும் விரிவாக்கம் மட்டும் போதாது. ஜி.எஸ்.டபிள்யூ. என்றால் துப்பாக்கிக் குண்டுக் காயம். எழுத்தர்கள் எறிகணைச் சில்லு பட்டதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பி.யு.ஓ. என்றால் காரணம் தெரியாத காய்ச்சல். பதுங்குகுழியில் பேன் பரப்பிய காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். டி.ஓ.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்பவை ஒரு பிரிவின் ஆள்கணக்கில் சேர்த்ததையும் நீக்கியதையும் குறிப்பவை. 'நீக்கப்பட்டார்' என்று படித்துவிட்டு வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று பதறவேண்டியதில்லை. பெரும்பாலும் வேறு பிரிவுக்கு மாற்றம்தான்.

பால்வினை நோய்க்காக மருத்துவமனையில் இருந்த நாட்கள் கோப்புகளில் நாள் கணக்காக இருக்கும். சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டதால், கணக்குப் பிரிவு அதை விட்டுவைக்கவே இல்லை. அனுமதியின்றி இரண்டு நாள் காணாமல் போனது, குடித்துவிட்டு அதிகாரியிடம் கத்தியது, அதற்குப் பிடித்த சம்பளம் எல்லாம் இதேபோல விலாவாரியாகப் பதிவாகின. ஒருவர் ஒழுங்காக இருந்த எட்டு மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லாமல் போவதும், தாமதமாக வந்த ஒரு இரவுக்கு மூன்று வரி இருப்பதும் இந்தக் கோப்புகளின் இயல்பு. அதைப் பார்த்து அவரைக் கலகக்காரர் என்று முடிவு கட்டுவது அபத்தம். வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பக்கங்களைக் காட்டும் முன்பு கொஞ்சம் யோசிப்பது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

ஃப்ரோமெல்: கோப்புக்குள் கிடந்த துப்பு

1916 ஜூலை 19 இரவு, வடபிரான்சின் ஃப்ரோமெல் கிராமத்தருகே ஆஸ்திரேலியப் படை நடத்திய தாக்குதலில் ஒரே இரவில் 5,533 பேர் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். பலருடைய கோப்பில் ஒரே மாதிரி வரிகள்: முதலில் 'காணவில்லை'. பல மாதம் கழித்து, விசாரணை மன்றத்தின் முடிவின்படி 'போரில் கொல்லப்பட்டார்'. உடல் எங்கே என்ற கேள்விக்கு விடை இல்லை. ஆனால் சிலர் கோப்பில் இன்னொரு துண்டுக் குறிப்பு இருந்தது: அவருடைய அடையாளத் தகடு செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது என்று. தகட்டைக் கழற்றியவர்கள் உடலையும் பார்த்திருப்பார்கள், எங்காவது புதைத்தும் இருப்பார்கள் அல்லவா?

மெல்போர்னைச் சேர்ந்த ஆசிரியர் லாம்பிஸ் எங்லசோஸ், காணாமல் போனவர்களின் எண்ணிக்கையையும் அறியப்பட்ட கல்லறைகளையும் ஒப்பிட்டு, கணக்கு உதைக்கிறது என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 2009-ல் ஃபெசன்ட் வுட் என்ற சிறு காட்டின் ஓரம் தோண்டியபோது, ஜெர்மானியர்கள் வெட்டிய குழிகளிலிருந்து 250 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. அருகிலேயே புதிய கல்லறைத் தோட்டம் அமைத்து 2010-ல் அடக்கம் செய்தார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்க மரபணு ஒப்பீடு தேவைப்பட்டது. அதற்கு உயிரோடிருக்கும் உறவினர்கள் வேண்டும். உறவினரைக் கண்டுபிடிக்க, கோப்பில் உள்ள தாய், மனைவி, முகவரி என்று தொடங்கி வம்சாவளியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இந்த வேலையில் பெரும்பங்கு எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

காணாமல் போனவர்களைப் பற்றித் தேடும்போது செஞ்சிலுவைப் பதிவுகள் தனிப் புதையல். காயம்பட்டோர், காணாமல் போனோர் பற்றி விசாரிக்க ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய அலுவலகத்தின் சுமார் 32,000 கோப்புகளை அந்நாட்டுப் போர் நினைவகம் இணையத்தில் தந்திருக்கிறது. உடன் இருந்த வீரர்களை மருத்துவமனைப் படுக்கையில் கண்டு கேட்டெழுதிய சாட்சியங்கள் அவை. ஒருவர் 'குண்டடிபட்டு உடனே இறந்தார்' என்பார். இன்னொருவர் 'இரண்டு நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன்' என்பார். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும். ஜெனிவாவில் 1914-ல் தொடங்கிய போர்க்கைதிகள் முகமையின் அட்டைகளும் 2014-லிருந்து இணையத்தில் கிடைக்கின்றன. ஏறத்தாழ 20 லட்சம் கைதிகளைப் பற்றியவை.

எரிந்தவையும் அவற்றுக்கு மாற்றும்

தேடியவர் கிடைக்கவில்லை என்றால் அவர் படையில் இல்லை என்று பொருளல்ல. 1940 செப்டம்பரில் லண்டன் வால்வொர்த் பகுதியில், ஆர்ன்சைடு தெருவில் இருந்த போர் அலுவலகக் கிடங்கின்மீது ஜெர்மானியக் குண்டு விழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அழிந்தன. பிழைத்தவையும் ஓரம் கருகி, தீயணைக்க அடித்த நீரில் ஊறிப்போனவை. மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, அதிலிருந்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியின் பிரஷ்யப் படைப் பதிவுகள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் போயின. அமெரிக்காவில் எதிரியே தேவைப்படவில்லை: 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் சாம்பலாயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் 80 சதவீதத்தினரின் ஆவணமும் அதில் அடக்கம். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, பட்டியல்கூட இல்லை.

இங்கேதான் 'யாருக்காக எழுதினார்கள்' என்ற கேள்வி கைகொடுக்கிறது. ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு காரணத்துக்காகக் கணக்கு வைத்தன. ஒரு கட்டடம் எரிந்தால் மற்றதும் எரிந்துவிடாது. பிரிட்டனில் பதக்கம் கொடுக்க வைத்திருந்த அட்டைகள் தப்பின. அவற்றில் பெயர், படைப்பிரிவு, எண், எந்தப் போர்முனை போன்றவை உண்டு. ஆனால் போர்க்களம் போனவருக்குத்தான் போர்ப் பதக்கம் என்பதால், உள்நாட்டிலேயே பணி செய்தவரை அங்கே தேடிப் பயனில்லை. இறந்த வீரரின் பாக்கிச் சம்பளம் யாருக்குப் போயிற்று என்ற பேரேடு தேசியத் தரைப்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து இணையத்துக்கு வந்திருக்கிறது. அதில் உள்ள போர்ப் பணிக்கொடைத் தொகை பணிக்காலத்தைப் பொறுத்தது என்பதால், தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவர் எப்போது சேர்ந்தார் என்று அனுபவசாலிகள் ஊகிக்கிறார்கள். ஓய்வூதிய அட்டைகள் 60 லட்சத்துக்கும் மேல். பாதுகாப்பு அமைச்சகம் கழித்துக்கட்ட இருந்த நிலையில் மேற்குப் போர்முனைச் சங்கம் என்ற ஆர்வலர் அமைப்பு 2012-ல் அவற்றை மீட்டது. விதவையின் பெயரும் குழந்தைகள் பிறந்த தேதியும் அதில் இருப்பதால், என் கணக்கில் எரிந்த கோப்பைவிடக் குடும்பத்துக்குப் பயன்படுவது இதுதான்.

அமெரிக்காவில் மாற்று வழி, விவரங்களைத் துளைகளாகக் குறித்து இயந்திரத்தால் படிக்கும் துளையட்டை வடிவில் வந்தது. 1938 முதல் 1946 வரை தரைப்படையில் சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் விவரங்களைத் துளையட்டைகளிலிருந்து மீட்டுத் தேடக்கூடிய தரவாக்கியிருக்கிறது அந்நாட்டு ஆவணக் காப்பகம். பிறந்த ஆண்டு, மாநிலம், படிப்பு, தொழில் கிடைக்கும். இயந்திரம் தவறாகப் படித்த எழுத்துகளும் கூடவே வரும்.

பெயரைவிட எண்

ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். படை எண்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஆனால் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை எண் படைப்பிரிவுக்குள் மட்டுமே செல்லும். பிரிவு மாறினால் எண்ணும் மாறும். பிரதேசப் படை எனப்பட்ட பகுதிநேரப் படையினருக்கு 1917-ல் ஒட்டுமொத்தமாகப் புது எண் கொடுத்தார்கள். ஒருவருக்கு மூன்று எண் இருப்பதும், ஒரே எண் பல பிரிவுகளில் பலருக்கு இருப்பதும் சாதாரணம். இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்திரேலிய எண்ணில் முதல் எழுத்தே மாநிலத்தைச் சொல்லிவிடும்: என் நியூ சவுத் வேல்ஸ், வி விக்டோரியா, கியூ குயின்ஸ்லாந்து, அடுத்து எக்ஸ் வந்தால் வெளிநாட்டுப் பணிக்குத் தாமாக முன்வந்தவர்.

தேடுபொறி காட்டும் பெயர், கோப்பில் உள்ள பெயர் அல்ல. கோப்பைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த பெயர். கிடைக்காவிட்டால் முதல் எழுத்தை மாற்றிப் பாருங்கள், குடும்பப் பெயரும் தனிப்பெயரும் இடம் மாறியிருக்குமோ என்று பாருங்கள், ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள். கட்டணத் தளம் எதற்கும் பணம் கட்டும் முன்பு அதே ஆவணம் அரசுக் காப்பகத்தில் இலவசமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, கனடா விஷயத்தில் பெரும்பாலும் இருக்கும்.

அண்மைக்கால ஆவணங்களுக்குக் காத்திருப்பு விதிகள் உண்டு. அமெரிக்காவில் பணி முடிந்து 62 ஆண்டுகள் ஆனால் கோப்பு பொதுவுக்கு வருகிறது. பிரிட்டனில், கோப்புக்குரியவர் பிறந்து 115 ஆண்டுகள் ஆகவேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து சுமார் 97 லட்சம் கோப்புகள் 2022 முதல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு இடம் மாறிவருகின்றன.

கோப்பே இல்லாதவர்கள்

முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம். ஆஸ்திரேலியக் கோப்பைப் பார்த்த கண்ணோடு இவர்களைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்பும். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலகத்தின் (இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) பதிவுகளில் பெரும்பாலும் இருப்பது அதிகாரிகளின் ஆவணம். சிப்பாய்களின் பதிவுகள் அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தோடு இந்தியத் துணைக்கண்டத்திலேயே தங்கின. எது மிஞ்சியது என்பது பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர் ஆகியோருக்கு அதுவும் இருக்காது.

ஆனால் இங்கும் வேறு காரணத்துக்கு எழுதிய தாள்கள் சில மிஞ்சின. பிரான்சில் இருந்த இந்திய வீரர்களின் மனநிலையை வேவு பார்க்கத் தணிக்கை அலுவலகம் அவர்களுடைய கடிதங்களிலிருந்து பகுதிகளை மொழிபெயர்த்து அறிக்கையாக அனுப்பியது. மூலக் கடிதங்கள் மறைந்துவிட்டன. வேவு அறிக்கை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பஞ்சாப் அரசு போருக்குப் பின் ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறாண்டு கிடந்தன: 26,000 பக்கம், சுமார் 3,20,000 வீரர்கள். பிரிட்டனின் பஞ்சாப் மரபுச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-ல் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களில் தொடங்கி அவற்றை இணையத்துக்குக் கொண்டுவந்தன. தந்தை பெயர், கிராமம், படைப்பிரிவு என்று அடுக்கிய பட்டியல்தான். ஆனால் குடும்பம் தேடுகிறவருக்கு வேண்டிய முதல் மூன்று விவரங்களும் அவைதானே.

இறந்தவர்களைத் தேட எளிதான இடம், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியல். இரு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர். முழுமையானது என்று ஆணையமே சொல்வதில்லை. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களும் இந்திய அதிகாரிகளும் பெயரோடு பொறிக்கப்பட்டார்கள். இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்தவர்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையம் அமைத்த குழு 2021 ஏப்ரலில் அறிக்கை தந்தது.

விடுபட்ட பெயரைச் சேர்க்கக் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அல்லது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்திருக்க வேண்டும். படையில் இருந்ததற்கும் இறந்த தேதிக்கும் ஆவணம் கேட்பார்கள். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் வீட்டில் இறந்தவர் என்றால், பணியின்போது வந்த காயமோ நோயோதான் சாவுக்குக் காரணம் என்றும் காட்டவேண்டும். அதற்குத் துணை நிற்பவை பெரும்பாலும் இறப்புச் சான்றிதழும் ஓய்வூதியத் தாள்களும்தான்.